தங்க வயலும் தாமிரக் கரையும்

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், அடிலெய்டு நகரத்துக்கு வடமேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில், ஸ்பென்சர் வளைகுடாவின் கரையை ஒட்டியும் சற்று உள்ளே தள்ளியும் மூண்டா, வாலரூ, கடீனா என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துத் தாமிரக் கரை என்று அந்நாட்டார் வழங்குகிறார்கள். விடுமுறைக் காலத்தில் அங்கே போகிறவர்களில் பலர், படுக்கையும் அடுப்பும் அலமாரியும் அமைந்த காரவன் என்னும் வீட்டு வண்டியைத் தங்கள் மோட்டாருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்பட்டு, கடலோரத்தில் அதற்கென்றே விடப்பட்டிருக்கும் திடல்களில் அதை நிறுத்திவிட்டு, காலைப்பொழுதை மீன் பிடிப்பதிலும் பிற்பகலைப் பழைய சுரங்கக் கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பதிலும் சாவகாசமாகக் கழிப்பார்கள்.

அவர்கள் பார்க்கப்போகும் அந்தச் சுரங்கங்களின் சரித்திரம் ஓர் ஆட்டிடையனிடத்தில் ஆரம்பமாகிறது. 1861-ஆம் வருஷத்தில் பாட்ரிக் ரயன் என்னும் இடையன், வாம்பட் என்ற வளை தோண்டும் பிராணி கிளறிப்போட்ட மண்ணில் தாமிரக் கனிமத்தைக் கண்டான் என்று சொல்வார்கள். கனிமத்தைக் கண்டாயிற்று, ஆனால் பாறையைக் குடைந்து, ஊற்றெடுக்கும் தண்ணீரை இறைத்து, கனிமத்தை மேலே கொண்டுவரும் வித்தை தெரிந்தவர்கள் வேண்டுமல்லவா? அவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பிரதேசத்திலிருந்து கப்பலேறி வந்தார்கள்.

கார்ன்வால் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பூமி. வெள்ளீயமும் தாமிரமும் வெட்டுவது அங்கே குலத்தொழில் போலவே ஆகிவிட்டிருந்தது. செங்குத்தான கடற்பாறையின் விளிம்பிலே இயந்திரக் கூடத்தைக் கட்டி, அலைகள் மோதும் கடலின் அடித்தரைக்குக் கீழேயே சுரங்கத்தை நீட்டிய சாமர்த்தியசாலிகள் அவர்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமிரத்தின் விலை சரிந்து ஊரில் பிழைப்பு அற்றுப்போனபோது, மெக்ஸிகோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்குமாக ஆயிரக்கணக்கானவர்கள் புறப்பட்டுப் போனார்கள். போன இடங்களிலெல்லாம் தங்கள் ஜபக்கூடத்தையும், மாமிசத்தையும் உருளைக்கிழங்கையும் நம்முடைய சோமாசியைப் போல மாவில் மடித்துச் சுட்ட பணியாரத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

மூண்டாவில் 1864 முதல் 1898 வரையில் ஹான்காக் என்பவர் சுரங்கத் தலைமை அதிகாரியாக இருந்து ஏறத்தாழ ஒரு சிற்றரசரைப் போல ஆட்சி புரிந்தார். சுரங்கங்கள் 1923-இல் மூடப்பட்டன. ஆனால் ஊர் அழியவில்லை. 1973 முதல் கார்ன்வால்காரரின் சந்ததியார் அங்கே ஒரு திருவிழாவைத் தொடங்கி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்தி வருகிறார்கள். 2017-இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் மூண்டாச் சுரங்கங்களைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பம்மலில் வசிக்கிற நான் இவ்வளவு தூரத்துச் சங்கதியை எதற்காக விஸ்தரிக்கிறேன் என்று நேயர்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. அதே கார்ன்வால்காரர்கள், அதே வித்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, நமக்கு அரைநாள் பிரயாண தூரத்தில் ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அந்த ஊருக்குக் கடல் இல்லை, தாமிரம் இல்லை. அங்கே கிடைத்தது தங்கம். அதுவே கோலார் தங்க வயல்.

பல்லாவரத்தில் மின்சார ரயிலேறிச் சென்ட்ரலுக்குப் போய், பெங்களூர் செல்லும் வண்டியில் விடியற்காலையில் உட்கார்ந்துவிட்டால், அரக்கோணம், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து, குப்பத்துக்கு மேலே மைசூர்ப் பீடபூமியை அடைந்து, பிற்பகலுக்குள் பங்காருபேட்டையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்னும் நிலையங்களைத் தொட்டுக்கொண்டு போய் முடிகிறது. இந்த மார்க்கத்தை நான் இவ்வளவு நிதானமாகச் சொல்வதற்குக் காரணம், ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும் அந்த வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்துதான் தங்க வயலின் தொழிலாளர்களில் மிகப் பலர், பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி, குடும்பம் குடும்பமாகப் போனார்கள் என்பதே.

அந்தப் பூமியில் பொன் இருப்பதை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று பொதுவாக எழுதப்படுகிறது. உண்மை அவ்வாறன்று. திப்பு சுல்தான் மறைந்த பிறகு எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் வாரன் என்னும் ராணுவ அதிகாரி 1802-இல் அப்பக்கம் தங்கியிருந்தபோது, மண்ணில் பொன் கிடைக்கும் இடத்தைக் காட்டுகிறவர்களுக்கு வெகுமதி தருவதாக அறிவித்தார். ஊர் ஜனங்கள் மண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தைச் சுற்றிலும் எண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு ஆழமில்லாத குழிகளில் இறங்கிப் பாறையை வெட்டி வந்தவர்களும் அவர்களே. வாரனுடைய குறிப்பைப் படித்துவிட்டு, நியூஸிலாந்தில் போர்புரிந்து ஓய்வுபெற்று பெங்களூரில் குடியேறியிருந்த லவெல் என்னும் அயர்லாந்துக்காரர், 1871-இல் மாட்டு வண்டியேறி அறுபது மைல் பிரயாணம் செய்து வந்து பார்த்து, 1873-இல் மைசூர் அரசாங்கத்தினிடம் சுரங்க உரிமை கேட்டுப் பெற்றார். தாமிரக் கரையின் உல்லாசப் பிரயாணிக்கு வீட்டு வண்டி. தங்க வயலில் உரிமை பெற்றவருக்கு மாட்டு வண்டி.

லவெலிடம் ஆசை இருந்த அளவுக்கு மூலதனம் இல்லை. உரிமை கைமாறியது. 1880-இல் ஜான் டெய்லர் குமாரர்கள் என்ற லண்டன் கம்பெனியார் உள்ளே வந்தார்கள். மெக்ஸிகோவின் ரியல் டெல் மான்டே வெள்ளிச் சுரங்கத்தில் கார்ன்வால்காரர்களைக் கொண்டு வேலை நடத்தி அனுபவப்பட்ட குடும்பம் அது. இங்கும் அந்த முறையையே கையாண்டார்கள். முதலில் பணம் கரைந்ததே தவிரப் பொன் அகப்படவில்லை. பங்குதாரர்கள் மனம் தளர்ந்து, கடையைக் கட்டிவிடலாம் என்று யோசித்த சமயத்தில், 1883-இல் கேப்டன் பிளம்மர் என்பவர் வந்து, பழங்காலத்து ஜனங்கள் தோண்டிக் கைவிட்டிருந்த குழிகளையே அடையாளமாகக் கொண்டு, அவற்றுக்கும் கீழே இறங்கித் தேடி, சாம்பியன் என்று பெயர் பெற்ற மகத்தான பொன் நரம்பைக் கண்டார். பெயரில்லாத முன்னோர் வெட்டிய குழி வழிகாட்டாமல் போயிருந்தால் கார்ன்வால்காரரின் வித்தை எந்த மட்டுக்கு உதவியிருக்கும் என்பது யோசிக்கத்தக்கது.

பிறகு ஊர் வளர்ந்த வேகம் ஆச்சரியகரமானது. மேட்டு நிலத்தில் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், கிளப்பும், கோல்ப் மைதானமும், மாதா கோவில்களும் தோன்றின. 1902-இல், திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கப்பெற்ற சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பியிழுத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்ததே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தேக்கித் தண்ணீருக்கும் வழி செய்தார்கள். குட்டி இங்கிலாந்து என்று அந்த ஊருக்குப் பெயர் வழங்கலாயிற்று. இன்று சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படுவதும் இந்தக் குட்டி இங்கிலாந்தின் கதைதான்.

ஆனால் மேட்டிலிருந்து இறங்கி நடந்தால் வேறோர் ஊர் இருக்கிறது. தொழிலாளர் குடியிருந்த லைன்கள் அவை. ஆதியில் மூங்கில் தட்டியால் அமைத்த, தலைகுனிந்து நுழைய வேண்டிய குடிசைகள். அவற்றிலிருந்து புறப்பட்டுப் போனவர்களே கூண்டில் நின்று பூமிக்குக் கீழே இறங்கினார்கள். சாம்பியன் சுரங்கம் முடிவில் 3,200 மீட்டருக்கு அதிகமான ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரியைத் தாண்டும். மேலேயுள்ள பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் விபத்து எந்த நேரமும் நேரக்கூடும். வெடிக்காத நாளிலும் கல்தூள் நெஞ்சில் படிந்து மூச்சை அடைக்கும். வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் அதிநுட்பத் துகளை 1965-இல் பௌதிக சாஸ்திரிகள் அங்கே கண்டறிந்ததற்குக் காரணம், மற்றக் கதிர்களெல்லாம் வடிகட்டப்பட்டுவிடும் அளவுக்கு அந்த இடம் ஆழமாக இருந்ததே. அத்தகைய ஆழத்தில் அனுதினமும் எட்டு மணி நேரம் மனிதர்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி உழைத்தவர்களை வெறும் கூலிக்கூட்டம் என்று நினைப்பது பெரும் பிழை. அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகைக்குத் தங்க வயலில் ஆர்வமுள்ள வாசகர்கள் இருந்தார்கள். அவர் காலமான பின்னர், அதே ‘தமிழன்’ பெயரில் பண்டிதர் அப்பாதுரையார் தங்க வயலிலிருந்தே பத்திரிகை நடத்தினார். அவ்வூர்ச் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது. பகலெல்லாம் பாறையைத் துளைத்தவர்கள் மாலையில் கூடி, சாதியைப் பற்றியும் தர்மத்தைப் பற்றியும் வாதம் செய்தார்கள். 1930-இல் எல்லாத் தொழிலாளரும் கைரேகை பதிய வேண்டுமென்று நிர்வாகம் விதித்தபோது, எங்களைக் குற்றவாளிகளாக நினைத்தீர்களோ என்று வெகுண்டு, 21 நாள் வேலைக்குப் போகாமல் உறுதியாக நின்றவர்களும் அவர்களே.

நான் சொல்லவந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. மூண்டாவில் அதிகாரம் செய்தவர்களில் பலரும் கார்ன்வால்காரர். மண்ணுக்குள் இறங்கியவரும் கார்ன்வால்காரர். ஆகவே பேரன்மார் கொண்டாடும் திருவிழாவில் எஜமானனின் மாளிகைக்கும் தொழிலாளியின் மண்குடிசைக்கும் இடம் கிடைக்கிறது. அங்கும் ஒரு குறை உண்டு. தாமிரக் கரை அமைந்துள்ள தீபகற்பம் முழுவதும் யாருக்குச் சொந்தமாக இருந்ததோ, அந்த நருங்கா பழங்குடியினரைப் பற்றிய நினைவு நெடுங்காலம் பின்தள்ளப்பட்டே இருந்தது. கோலாரில் நிலைமை இன்னும் கோணலானது. அதிகாரம் செய்த இனம் ஒன்று, இறங்கி உழைத்த இனம் மற்றொன்று. கார்ன்வால்காரர் வேலை முடிந்ததும் கப்பலேறிப் போய்விட்டார். தமிழர் அங்கேயே தங்கினார். போனவருடைய பங்களா பாரம்பரியச் சின்னமென்று பேசப்படுகிறது. தங்கியவருடைய லைன் வீடு வெறும் குடியிருப்பாகவே கருதப்படுகிறது. ஏறத்தாழ 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கத்தை மேலே கொண்டுவந்த கைகளுக்கு அந்த ஊரின் சரித்திரத்தில் அடிக்குறிப்பளவே ஸ்தானம் கிடைத்திருக்கிறது.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசாங்கத்துக்கும், 1962-இல் மத்திய அரசாங்கத்துக்கும் போய், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. இன்று அந்த ஊரின் வாலிபர்கள் இருட்டோடு எழுந்து மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவில் திரும்புகிறார்கள். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் மலைமலையாகக் குவிந்து, கோடைக் காற்றில் புழுதியாக எழும்புகிறது. சினிமாக்காரர்கள் அங்கே படம் எடுக்கிறார்கள். 2024-இல் வந்த ‘தங்கலான்’ வட ஆர்க்காட்டிலிருந்து பொன் தேடிப் போனவர்களைக் கதாபாத்திரமாக்கியதால், அவர்களைப் பற்றிய கேள்வியாவது தமிழ்நாட்டில் எழுந்தது.

ஆகையால், நேயர்களில் யாரேனும் தங்க வயலுக்குப் போவதானால், கிளப்பையும் பங்களாவையும் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றைப் பார்த்த பிறகு லைன்களுக்கும் போங்கள். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம், ‘ஐயா, நீங்கள் எந்தச் சுரங்கத்தில் இறங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். உங்கள் ஊர்த் தமிழிலேயே பதில் வரும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். குழி தோண்டிய ஊரைத் தேடி நாம் அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டியதில்லை. பம்மல், பல்லாவரம், திரிசூலம் என்னும் நம்முடைய சுற்றுப்புறமே கல்வெட்டி வாழ்ந்த பிரதேசம். பல்லாவரத்துச் சரளைக் குழியில்தான் 1863 மே 30-ஆம் தேதி பூகர்ப்ப சாஸ்திரி ராபர்ட் புரூஸ் பூட் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் வரலாற்றுக்கு முந்திய கால ஆராய்ச்சிக்கே பிள்ளையார்சுழி போட்டார். இங்குள்ள கருங்கல் வகை ஒன்று கல்கத்தாவில், அந்நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் சமாதிக் கல்லாக இருப்பதைக் கண்ட தாமஸ் ஹாலந்து, சார்னக்கைட் என்று அதற்குப் பெயர் சூட்டினார். உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகளெல்லாம் அந்தப் பெயரை அறிவார்கள். ஆனால் அந்தக் கல்லை உடைத்துச் சென்னைப் பட்டணத்துக்குக் கடைகாலும் சாலைச் சல்லியும் கொடுத்த ஆண்பெண்களில் ஒருவர் பெயரையேனும் நம்மால் சொல்ல முடியுமா? குவாரிகள் ஓய்ந்துவிட்டன, பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கிறது, கோடையில் அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் நாம் விசாரிக்கிறோம்.

வெடி வைத்தவர்களும், சம்மட்டி பிடித்தவர்களும், தலையில் கல் சுமந்த தாய்மாரும் இன்னும் நம் தெருக்களில் வயோதிகர்களாக இருக்கிறார்கள். நம்முடைய பள்ளிப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அவர்களிடம் அனுப்பி, எந்தக் குழியில் எந்த வருஷம் வேலை செய்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், யாரை இழந்தார்கள் என்று கேட்டு எழுதச் செய்தால், ஒரு வருஷத்தில் ஒரு நல்ல புத்தகம் சேர்ந்துவிடும். அதற்கு அரசாங்கத்தின் உத்தரவும் வேண்டாம், பெரும் பொருட்செலவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் கேட்பதற்குப் பொறுமையும் இருந்தால் போதும். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். தாமதித்தால் பதில் சொல்லுகிறவர்கள் இருக்கமாட்டார்கள்.