பந்தற்கால் நடுமுன்



திருமண மேடைகளில் வாழ்த்துரை வழங்கிப் பழகிய நாக்கு இது. இன்று, திருமணத்தைத் தடுப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். மங்கலமான பேச்சல்லவே என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். சுளிக்கட்டும்! பதினைந்து வயதுச் சிறுமியின் கழுத்திலே தாலி ஏறுவதைவிடவா வேறோர் அமங்கலம் உண்டு?

"சட்டம் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது, நேற்றுப் பிறந்ததல்ல, 1929-லேயே பிறந்தது. சாரதா சட்டம் என்பார்கள். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று எல்லை வகுத்தது. வகுத்தவர்கள் செய்த வேடிக்கையைக் கேளுங்கள். 1929-இல் நிறைவேறிய சட்டம் 1930 ஏப்ரல் முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வரும் என்று தவணை தந்தார்கள். தவணைக் காலத்தில் நாடெங்கும் மேளம் முழங்கிற்று! சட்டம் வருமுன் முடித்துவிடுவோம் என்று சின்னஞ்சிறுசுகளுக்கெல்லாம் மாலை மாற்றினார்கள். 1931 மக்கட்தொகைக் கணக்கில் அந்த அலங்கோலம் பதிவாகியிருக்கிறது. சரி, பிறகேனும் பயன்பட்டதா? எவராவது புகார் தந்தால்தான் வழக்கு. புகார் தருபவர் நூறு ரூபாய் வரை பிணைப்பத்திரம் எழுதித்தர வேண்டும். அந்நாளைய நூறு ரூபாய்! குற்றம் செய்தவனுக்குப் பந்தல், குற்றத்தைச் சொன்னவனுக்குப் பிணை!

1978-இல் வயது 18, 21 என உயர்ந்தது. 2006-இல் புதிய சட்டம் பிறந்தது. இன்று தகவல் அறிந்த எவரும் நீதிபதியிடம் முறையிடலாம். அவர் பிறப்பிக்கும் தடையாணையை மீறிக் கட்டப்படும் தாலி செல்லாது, அடியோடு செல்லாது. ஆனால் தடையாணை இல்லாமல் கட்டிவிட்டால்? பெரும்பாலும் அது செல்லும், தோழர்களே! வேண்டாமென்றால் அந்தப் பெண்தான் நீதிமன்றப் படியேறி ரத்துக் கேட்க வேண்டும். அதுவும் இருபது வயது நிரம்புமுன். கையிலே குழந்தை, மடியிலே வறுமை, எதிரே கணவன் வீட்டார். எப்படி ஏறுவாள் படி? ஆகவேதான் சொல்கிறேன், முதல்நாள் இரவு தரும் தகவலுக்கு இருக்கும் வலிமை, மறுநாள் வடிக்கும் கண்ணீருக்கு இல்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது: 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 18 நிரம்புமுன் மணமுடிக்கப்பட்டோர், இந்தியாவில் நூற்றுக்கு 23.3, தமிழ்நாட்டில் 12.8. குறைவுதானே என்று மார்தட்டாதீர்கள். எட்டுப் பேரில் ஒருத்தி என்று பொருள்!

நாடகம் எழுதுகிறவன் நான், காட்சியாகவே காட்டிவிடுகிறேன். விடிந்தால் முகூர்த்தம். மணப்பெண் பத்தாம் வகுப்பு. பந்தல் போட்டவருக்குத் தெரியும். அழைப்பிதழ் அச்சிட்டவருக்குத் தெரியும். தேநீர்க் கடையிலே ஐந்து பேருக்குத் தெரியும். "நமக்கேன் வம்பு?" என்கிறார் ஒருவர். "கடன் வாங்கி அரிசி இறக்கியாயிற்று, பாவம்" என்கிறார் மற்றொருவர். அப்போது வருகிறார் நம் கிளைச் செயலாளர், கையிலே சால்வையுடன்! அழைப்பிதழில் அவர் பெயர். அந்தக் குடும்பத்தில் பத்து வாக்கு. அவர் வாய் திறப்பாரா? சிறுமியைத் தன் பொறுப்பில் வைத்திருப்போர் அந்த மணவினையில் கலந்துகொள்வதையே குற்றமென்கிறது சட்டம். சால்வை போர்த்த வந்தவர் மட்டும் எந்த நெஞ்சோடு மேடையேறுவார்? கசக்கிறது, என்றாலும் நம் வீட்டுக் கதையை நாமே பேசாமல் யார் பேசுவது?

பெற்றோரைக் கொடியவர் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. செங்கற் சூளைக்குக் குடும்பத்தோடு பிழைக்கப் போகும் தகப்பனைக் கேளுங்கள். "வயசுப் பெண்ணை யார் காவலில் விட்டுப் போவேன்?" என்பான். படிப்பு ஏற ஏற வரதட்சணை ஏறுமே என்பாள் தாய். வேறு சாதிப் பையனோடு பேசினாள் என்று ஊர் வாய் மெல்லத் தொடங்கினால், ஒரே வாரத்தில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அவர்கள் தேடுவது காவல். ஊர் தராத காவலைத் தாலியிடம் தேடுகிறார்கள்.

அந்தக் காவலைத் தருவதற்கென்றே கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என ஒன்று உண்டு. ஊராட்சி, பள்ளி, அங்கன்வாடி எல்லாம் அதில் சேர்த்தி. ஏட்டிலே மட்டும் கூடி, கையொப்பத்திலே கலையும் குழுக்களும் உண்டு! குழந்தை மணத் தடுப்பு அலுவலர் என்பவர் மாவட்டச் சமூக நல அலுவலர்; ஒரு மாவட்டத்துக்கே ஒருவர். எத்தனை பந்தலுக்கு அவர் ஓடுவார்? 1098 என்ற எண்ணுக்கு எவரும் தகவல் தரலாம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, மணமுடிக்கப்படும் ஆபத்தில் இருக்கும் சிறுமி, அரசின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் உரியவள். குழந்தைகள் நலக் குழு அவள் நிலையை ஆராய வேண்டும்.

தடுத்தாயிற்று என்று கைதட்டிக் கலைந்துவிட்டால், அடுத்த மாதமே வேறோர் ஊர்க் கோவிலில் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுவார்கள். அவளை விடுதியிலே சேர்க்க, பேருந்துக்கு வழி செய்ய, கடன்காரனிடம் தவணை பேச ஆள் வேண்டும். 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாகத் தொடங்கிய திட்டம், 2022-இல் அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்வி பயில மாதம் ஆயிரம் ரூபாயாக உருமாறியது. எத்தனை தாய்மார்க்கு அதை நாம் எடுத்துச் சொன்னோம்?

நாளைக் காலை ஊராட்சி அலுவலகம் செல்லுங்கள். குழு கடைசியாக என்று கூடியது எனக் கேளுங்கள். பள்ளி திறந்ததும், பத்தாம் வகுப்பு எழுதிய பெண்களில் பதினொன்றில் சேராதவர் வீட்டுக்கெல்லாம் குழுவினர் போனார்களா என்றும் கேளுங்கள். போகவில்லை என்றால், அவர்களையும் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். சால்வை வேண்டாம்.