ஒரே நூல், இரண்டு வாசிப்பு
(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



வீட்டில் பெற்ற பண்பாடு கல்லூரியில் நம் சிந்தனையை எவ்வாறு நடத்துகிறது என்பது குறித்துப் பேசப் பணித்துள்ளீர்கள். நான் அறிஞன் அல்லன். பட்டறிவையே சொல்லத் துணிகிறேன்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1968ஆம் ஆண்டு கல்லூரி விடுதிக்குச் சென்றேன். அங்கே இரவுணவு எட்டு மணிக்கு. பொழுது சாய்ந்தபின் உண்ணாத வீட்டில் வளர்ந்தவன், முதல் வாரம் முழுதும் வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். பொய்யாமையை விட்டு இரவுண்ணாமையைக் காத்த என் விரதத்தை எண்ணினால் இன்று நகைப்பே வருகிறது. "இருட்டினால் சோறு நஞ்சாகிவிடுமோ?" என்றார் அறைத்தோழர். விடை தெரியவில்லை. தந்தையாருக்கு எழுதினேன். "நம் வீட்டில் வழக்கமில்லை" என்று அஞ்சலட்டை வந்தது, அவ்வளவுதான். விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்களைப் பற்றி நான் நூலகத்தில்தான் படித்தறிந்தேன். விடுதிச் சமையற்காரரோ, காரணமே கேளாமல், மாலை ஐந்தரைக்கு எனக்குச் சோறு எடுத்து வைக்கத் தொடங்கினார்.

இரண்டாம் ஆண்டில் சீவக சிந்தாமணி பாடம். ஆசிரியர் அதனை மணநூல் என்றே தொடங்கினார். சீவகனின் எட்டு மணங்களைச் சுவைபடச் சொன்னார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. எங்கள் பாட்டி அந்நூலை முத்தி இலம்பகத்திலிருந்தே எனக்குச் சொல்லியிருந்தார். கடுவன் தன் மந்திக்குக் கொடுத்த பலாப்பழத்தைத் தோட்டக் காவலன் பறிக்கிறான். அதைக் கண்ட சீவகன், அரசும் இவ்வாறே கைமாறும் பொருள் என உணர்ந்து துறவு பூணுகிறான். எனக்குச் சிந்தாமணி என்றால் அந்தப் பலாப்பழம்தான். எழுந்து நின்று, "ஐயா, இது துறவு நூல்" என்றேன்.

அவர் சினக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் கதையைச் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த ஐயர், தமிழ் நூல்கள் பலவற்றில் துறைபோகியவர். ஆயினும் சிந்தாமணியின் சமயச் செய்திகள் அவருக்குப் பிடிபடவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். அங்கே இல்லறத்தாரும் பெண்டிரும் அந்நூலைப் பாராயண நூலாகப் போற்றி வருவதைக் கண்டு வியந்தார். ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. கல்லூரிக்கு எட்டாதது நம்மவர் திண்ணையில் இருந்தது.

எனக்குப் பெருமை தலைக்கேறிய அந்நொடியில் ஆசிரியர் கேட்டார்: "துறவே நோக்கம் என்றால், தேவர் எட்டு மணங்களையும் ஏன் இத்துணை அழகாகப் பாடினார்?" நான் வாய் திறக்கவில்லை. பாட்டியின் வாசிப்பு எனக்கு நூலின் முடிவைக் காட்டியது, நடுவை மறைத்திருந்தது. அநேகாந்தம் என்ற சொல்லை அதற்குமுன் நூறு முறை கேட்டிருப்பேன். அதன் பொருள் அன்றுதான் என் நெஞ்சில் தைத்தது.

பெற்றோர்களே, இன்று நம் பிள்ளைகள் அஞ்சலட்டையும் பெறாமல் விடுதிக்குப் போகிறார்கள். சென்ற ஆடியில் என் பெயர்த்தி விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "தாத்தா, இரவில் ஏன் உண்ணக்கூடாது?" என்றாள். அரை மணி நேரம் சொன்னேன். அவள் ஆய்வகம் முடிய ஏழு மணி ஆகிறதாம். வார நாள்களில் இரவில்தான் உண்கிறாள். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் தோழியர் இருவருடன் அந்திக்கு முன் உண்டுவிடுகிறாளாம். அவ்விருவரும் சமணர் அல்லர். நான் கடிந்துகொள்ளவில்லை, அடுத்த ஞாயிறும் அழைக்கச் சொன்னேன்.