தானாக இறங்கும் பிரேக் பெடல்

காரின் பிரேக் பெடலை மிதிக்கும் கால் சக்கரத்தை நேரடியாகப் பிடிப்பதில்லை. அது ஓர் உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் அங்குள்ள பிரேக் ஆயிலை அழுத்த, அந்த அழுத்தம் மெல்லிய இரும்புக் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. அந்த உருளைதான் மாஸ்டர் சிலிண்டர். இந்தியாவில் இதைத் தயாரிக்கும் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றான பிரேக்ஸ் இந்தியா, டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-இல் சென்னையின் பாடியில் தொடங்கியதாகும். இப்படி நம் அருகிலேயே உருவாகும் இந்த உறுப்பைப் பற்றி, அதை அன்றாடம் மிதித்துக்கொண்டிருக்கும் நேயர்கள் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது தகும்.

பெடலின் மீது 20 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கால் செலுத்துவதாகக் கொண்டால், பெடலின் நெம்புகோல் அமைப்பு அதை நான்கு மடங்காக்கி 80 கிலோவாகப் பிஸ்டனுக்குக் கொடுக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டராகவும் முன் சக்கரத்தில் உள்ள பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டராகவும் இருக்குமானால், அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியின்படி, அந்த 80 கிலோ அங்கே 500 கிலோவாகிறது. பூஸ்டர் எனப்படும் வெற்றிட உதவிக் கருவி இதற்கு மேலும் வலுச் சேர்க்கிறது. இன்றைய கார்களில் ஒரே உருளைக்குள் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று இரண்டு தனிச் சுற்றுகளை இயக்குவதால், ஒரு குழாய் உடைந்தாலும் மற்றச் சுற்று வண்டியை நிறுத்தும்.

இத்தனை விசையையும் தாங்கி நிற்பது, பிஸ்டனின் தலையில் அமர்ந்திருக்கும், கிண்ண வடிவிலான ஒரு சிறிய ரப்பர் உறை என்பதுதான் இக்கருவியில் வியக்கத்தக்கது. அதன் விளிம்பு உருளையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆயிலில் அழுத்தம் ஏற ஏற, அந்த அழுத்தமே விளிம்பை வெளிப்புறமாக விரித்துச் சுவரோடு இறுக்குகிறது. ஆகவே பலமாக மிதிக்கும்போது உறை நன்றாக அடைக்கிறது. மென்மையாக மிதிக்கும்போதோ ரப்பரின் சொந்த மீள்விசையை மட்டுமே நம்பியிருக்கிறது. தேய்ந்த உறையின் குறை அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது வெளிப்படாமல், சென்னையின் வானகரத்திலும் வேலப்பன்சாவடியிலும் வண்டிகள் ஊர்ந்து நிற்கையில், பெடலில் கால் லேசாக ஊன்றியிருக்கும்போது வெளிப்படுவதற்கு இதுவே காரணம். பெடல் மெதுவாகத் தரையை நோக்கி இறங்குகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலே நிற்கிறது. ஆயில் தொட்டியிலோ அளவு குறையவே இல்லை. கசிவு உருளைக்குள்ளேயே, உறையைத் தாண்டிப் பின்பக்கமாக நடப்பதால், வெளியே ஒரு சொட்டும் தெரிவதில்லை.

“பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை” என்று மட்டும் சொல்லிப் பட்டறையில் விடப்படும் இத்தகைய வண்டிக்குப் பிரேக் பேடு மாற்றப்பட்டு, சில நாளில் அது அதே குறையோடு திரும்பி வருவது பரவலாக நடப்பதே. “சிக்னலில் லேசாக மிதித்தால் பெடல் இறங்குகிறது, ஆயில் குறையவில்லை” என்று நேயர்கள் விவரித்துச் சொன்னால், நல்ல மெக்கானிக் நேரே மாஸ்டர் சிலிண்டருக்கே வருவார். மிதித்தால் பஞ்சுபோல் அமுங்குவது பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்ததன் அடையாளம். ஆயில் குறைந்தும் சக்கரங்களில் ஈரம் இல்லையெனில், அது பின்பக்க உறையைத் தாண்டிப் பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கக்கூடும். எஞ்சினைக் கிளப்பும்போது பெடல் சற்றே தாழ்வதோ பூஸ்டர் வேலை செய்வதன் இயல்பான அறிகுறி; அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஐயம் தீராவிட்டால், சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாய்களைக் கழற்றி அந்தத் துளைகளை அடைத்துவிட்டு மிதித்துப் பார்ப்பது உறுதியான சோதனை: அப்போதும் பெடல் இறங்கினால் குற்றம் சிலிண்டருடையது.

ரப்பர் கெடுவதற்கான காரணங்களுள் முதன்மையானது நீர். பிரேக் ஆயில் எனப்படுவது உண்மையில் எண்ணெயன்று, கிளைக்கால் வகைத் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னையின் கடற்காற்றிலும் மழைக்காலத்திலும் இது ஓய்வதே இல்லை. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியசில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறியபின் ஏற்கப்படும் குறைந்தபட்ச அளவு 140 டிகிரியே. அந்த ஈரம் உருளையின் உட்சுவரை அரிக்க, சொரசொரப்பான அச்சுவரில் உரசி உறையின் விளிம்பு கிழிகிறது. இதைவிடக் கொடியது, தொட்டியில் அளவு குறைந்திருப்பதைக் கண்டு யாரோ எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றிவிடுவது. கனிம எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப் பருக்கும். தொட்டி மூடியின் அடியிலுள்ள ரப்பர் வீங்கிக் கிடந்தால் இதுவே நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்நிலையில் சிலிண்டரோடு, அந்த எண்ணெய் எட்டிய ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றியாக வேண்டும்.

மாற்றும் முறையைச் சுருக்கமாகவே சொல்ல இயலும். பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சியபின், குழாய்களின் நட்டுகளை அவற்றுக்குரிய பைப் ஸ்பானரால் கழற்ற வேண்டும். சாதாரண ஸ்பானர் அவற்றின் முனையை மழுக்கிவிடும். சிந்தும் ஆயில் பெயின்டை அரிப்பதால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது. புதுச் சிலிண்டரை வண்டியில் பூட்டுமுன் வைஸில் பிடித்து, இரண்டு சிறு குழாய்களால் ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, குமிழ்கள் அடங்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் பிறகு சக்கரங்களில் எவ்வளவு நேரம் ஏர் எடுத்தாலும் பெடல் இறுகாமல் போகலாம். சக்கரங்களில் ஏர் எடுக்கும் வரிசை வண்டிக்கு வண்டி மாறுமாதலால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்ப்பதே முறை, ஏ.பி.எஸ். உள்ள சில கார்களுக்கு ஸ்கேனர் கருவியும் தேவைப்படும்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைப்பது உண்மையே எனினும், உட்சுவரின் அரிப்பு வெளியே தெரியாத இவ்வுறுப்பைப் பழையதாக வாங்குவது கூடாது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பில்லோடு புதிதாக வாங்குவதே தக்கது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்லும் கையேடுகளே மிகுதி என்பதால், நேயர்கள் அடுத்த சர்வீசுக்கு வண்டியை விடும்போது ஆயில் கடைசியாக மாற்றப்பட்ட தேதியைக் கேட்டு, மூடியருகே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைப்பார்கள் என்று இவ்வுரை நம்புகிறது.