கண்ணீரும் கவிதையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிக் வரை மட்டும் பயின்று, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் நாம் ஆங்கிலக் கவிதை பற்றிப் பேச வந்தது ஏன் என வினவுவீர்கள். அன்னையார் மறைந்த செய்தி கிட்டிய இரவில், ஊருக்குச் செல்லும் வண்டியில் அமர்ந்து நாற்பது அடிகள் எழுதினோம். பின்னர்ப் படித்தபோது நமக்கே சகிக்கவில்லை. துயரம் மெய், பாட்டோ பொய்யாய் ஒலித்தது. அஃது எங்ஙனம்? அவ்வினாவே நம்மை ஆங்கிலக் கவிஞரிடம் அழைத்துச் சென்றது.

கவிதை உணர்ச்சிப் பெருக்கே என்றவர் ரொமாண்டிக் கவிஞராகிய வேர்ட்ஸ்வொர்த் என்பர். (தம் ஏரிநாட்டிற்கு இருப்புப்பாதை வருவதை 1844இல் எதிர்த்தவர் அவர், இரயில்வேக்காரராகிய நாம் மன்னித்துவிடுவோம்.) ஆயினும், 1800ஆம் ஆண்டு முன்னுரையில் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. உணர்ச்சி அடங்கியபின் அமைதியில் அதனை மீண்டும் நினைக்கும்போதே பாட்டுப் பிறக்கிறது என்றார். டாஃபடில் மலர்களைத் தங்கையுடன் அவர் கண்டது 1802 ஏப்ரலில், பாடியது 1804இல். நாம் இரண்டு மணி நேரமும் பொறுத்தோமில்லை.

அவருக்கு முற்பட்ட ஜான் டன் (1572–1631) மெட்டாபிசிக்கல் கவிஞர் எனப்படுவோருள் தலையாயவர். பயணம் புறப்படும் கணவன் மனைவிக்குக் கூறும் பாட்டில், பிள்ளைகள் வட்டம் வரையும் கவராயத்தை அவர் உவமையாக்கினார். ஒரு கால் நடுவில் ஊன்றி நிற்கிறது. மறுகால் விலக விலக அதன்பால் சாய்கிறது. அது திரும்பியதும் நிமிர்கிறது. இத்தகைய உவமைகளை ஒவ்வாத பொருள்களின் வலிந்த பிணைப்பு என்று டாக்டர் ஜான்சன் பின்னாளில் பழித்தார். நம் இல்லத்தாரும், "இரும்புக் கருவியில் அன்பு ஏது?" என்றே முதலில் கேட்டார். சிறிது நேரம் பேசாதிருந்து, "ஊன்றிய கால் உங்கள் அம்மாதான்" என்றார். அதன்பின் நாம் பேசவில்லை. ஊரை விட்டுத் தொலைவில் சுழலும் இக்காலனியாருக்கு அவ்வுவமை விளங்காமற் போகாது. மூவருள் நம் நெஞ்சுக்கு அணியவர் இவரே.

மூன்றாமவர் எலியட். 1917 முதல் 1925 வரை லண்டனில் பாங்கி ஊழியர். நம் இனம் எனலாம்! உணர்ச்சியை அவிழ்த்துவிடுவதன்று, அதனின்று தப்புவதே கவிதை என 1919இல் எழுதினார். கவிஞன் மனம் இரசாயன மாற்றத்தை நிகழ்த்தித் தான் மாறாதிருக்கும் பிளாட்டினம் போன்றது என்றார். கல்நெஞ்சர் என முதலில் எண்ணினோம். ஆனால், உணர்ச்சி உடையாரே அதனின்று தப்ப விழைவதன் பொருளை அறிவர் என்றும் அவரே சேர்த்துள்ளார். டன் காலத்தில் ஒன்றாயிருந்த எண்ணமும் உணர்ச்சியும் பின்னர்ப் பிளவுண்டன என்று 1921இல் வருந்தியவரும் அவரே.

அந்த நாற்பது அடிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். "அம்மா" என்ற விளி பதினேழு முறை வந்திருந்தது; அன்னையார் ஓரிடத்திலும் இல்லை. அவர் கடைசியாய்க் கொடுத்தனுப்பிய முறுக்குத் தூக்கின் வாயில் துணி சுற்றி இட்ட இரட்டை முடிச்சு அப்போதுதான் நினைவில் எழுந்தது. அம்முடிச்சைப் பற்றி ஒரு வெண்பா தொடங்கியுள்ளோம். மூன்றடி தேறின, ஈற்றடி இன்னும் அமையவில்லை.