வீட்டில் பதிந்த பாட்டும் வெளியார் காதும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)

'இசையும் இறைவழிபாடும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். அப்பெரும்பொருளைப் பேச வல்லவர்கள் இம்மண்டபத்திலேயே பலர் இருக்கின்றனர். ஆதலின் அவரிடம் அனுமதி பெற்றுச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். சென்ற நவராத்திரிக்கென எம்முள் ஐவர் கூடி அம்பாள்மீது ஒரு பாட்டு இயற்றி, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்தோம். அதனை மூன்று முறை பதிய வேண்டி வந்தது. முதற் பதிவுக்கும் மூன்றாம் பதிவுக்கும் இடையே நடந்தவற்றைச் சொல்லவே வந்திருக்கிறோம். அவற்றுள் எமக்குப் பெருமை தருவன சில. நாணந் தருவன பல.

பாட்டு ஆரபி இராகம், ஆதி தாளம். வெள்ளவத்தையிலே கடற்கரைப் பக்கமாக உள்ள எம்மில் ஒருவரின் வீட்டு மேல்மாடி முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடினோம். மேசைமீது ஒரு கைத்தொலைபேசியை வைத்தோம். இன்னொரு தொலைபேசியில் தம்புரா ஒலித்தது. பாடுபவர் நின்றுகொண்டு பாட, வயலினும் மிருதங்கமும் சுற்றியிருந்து வாசிக்க, எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன. நடுவே கரையோரப் புகையிரதம் ஒருமுறை போயிற்று. சரணத்தின் இறுதியில் பாண் விற்கும் முச்சக்கர வண்டி தன் வழமையான பேதோவன் இசையோடு ஒழுங்கையால் வந்தது. அதையும் பெரிதாக எண்ணாமல், அன்றிரவே பத்துத் தடவை போட்டுக் கேட்டு மகிழ்ந்தோம். தாம் பெற்ற பிள்ளையின் மழலை தமக்கு இனிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப் மூலம் அனுப்பினோம். 'அருமை', 'வாழ்த்துக்கள்', 'தொடர்க நும் பணி' என்று மறுமொழிகள் வந்து குவிந்தன. கைகூப்பிய படங்கள் எண்ணிலடங்கா. அன்போடு அனுப்பியவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் அம்மறுமொழிகளை வைத்துக்கொண்டு பாட்டில் ஓரெழுத்தையேனும் திருத்த இயலுமா? அவர்களுள் எத்தனைபேர் இறுதிவரை கேட்டனர் என்பதும் ஐயமே.

உருப்படியான முதற் குற்றச்சாட்டு, இசை பயின்ற எவரிடமிருந்தும் வரவில்லை. கீழ்மாடியில் வசிக்கும் ஆச்சி ஒருவர் படிக்கட்டில் எம்மை மறித்தார். "தம்பியவை, பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ஆனா அம்மாளை அருளாதவள், அருளாதவள் எண்டு ஏன் மூண்டு தரம் ஏசிறியள்?" என்றார்.

எமக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பதிவைப் போட்டுக் கேட்டோம். பல்லவி 'அருளாத நாளில்லை' என்று தொடங்குகிறது. அம்பாள் அருள் செய்யாத நாளே இல்லை என்பது கருத்து. பாடியவரோ 'அருளாத' என்னும் சொல்லிலேயே ஓர் ஆவர்த்தனம் முழுவதையும் நிறுத்தி, சங்கதிமேல் சங்கதியாக மூன்று முறை பாடி, அதன் பின்னரே 'நாளில்லை'க்கு வந்திருந்தார். சங்கதிகள் நல்லவைதாம். கேட்பவர் காதில் விழுவது மாத்திரம் நிந்தாஸ்துதி! பாட்டை எழுதியவரும், மெட்டமைத்தவரும், பாடியவரும், பக்கவாத்தியம் வாசித்த இருவரும் பத்துத் தடவை கேட்டும் இதனைக் கண்டுகொள்ளவில்லை. சொல்லின் முழுப்பொருள் எமக்கு முன்னமே தெரிந்திருந்தது. அதனால் காதில் விழாத மிகுதியை மனமே நிரப்பிக்கொண்டது. ஆச்சிக்கு அப்படி நிரப்பிக்கொள்ள ஒன்றும் இல்லை. வந்ததை வந்தபடி கேட்டார்.

திருத்தம் எளிதாயிற்று. 'அருளாத' என்பதைத் தாளத்தின் முற்பாதியில் முடித்து, 'நாளில்லை'யைப் பிற்பாதியில் அமைத்து, சங்கதிகளை அங்கே கொண்டுபோனோம். அப்பொழுதுதான் பல்லவிக்கே ஓர் உறுதி வந்தது.

அன்றிலிருந்து 'பாட்டு எப்படி இருக்கிறது?' என்று எவரிடமும் கேட்பதை நிறுத்திவிட்டோம். அப்படிக் கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்? எந்தச் சொல் விளங்கவில்லை, எந்த இடத்தில் நிறுத்திவிட மனம் வந்தது, எங்கே சுருதி விலகிற்று, எங்கே காலப்பிரமாணம் ஓடிற்று என்று தனித்தனியே கேட்டோம். நிமிடத்தையும் விநாடியையும் குறித்துத் தருமாறு வேண்டினோம். குரற்செய்தியாகப் பதிந்து அனுப்பினால், அது பேச்சுக்கென அமைந்ததாதலால் தம்புராவின் நுண்ணோசை தேய்ந்துபோகும். ஆகவே முழுக் கோப்பாகவே அனுப்பினோம்.

அடுத்து, ஒலிப்பதிவுக் கூடமொன்றில் வேலை செய்யும் அன்பர் ஒருவரை அழைத்தோம். அவர் பாட்டைக் கேட்பதற்கு முன்னமே முன்னறையின் நடுவில் நின்று ஒருதரம் கைதட்டினார். 'ஙீங்' என்று ஓர் ஓசை சுவர்களில் மோதித் திரும்பிற்று. "இதுதான் உங்கள் ஆறாவது பாடகர்" என்றார். மனிதருக்குக் காது இரண்டு. மூளை எதிரொலியைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு, பாடுபவரின் குரலையே பற்றிக்கொள்ளும். ஒற்றை ஒலிவாங்கிக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை. சீமெந்துச் சுவரும் பளிங்குத் தரையும் திருப்பித் தருவனவற்றையும் அது சேர்த்தே விழுங்கும். தூரம் இரட்டித்தால் வாயிலிருந்து நேரே வரும் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். அறையின் எதிரொலியோ அந்த அளவுக்குக் குறையாது. ஆறடி தள்ளி மேசைமேல் வைத்த தொலைபேசியில் எமது பாடகர் கிணற்றுக்குள் நின்று பாடுபவர்போல் ஒலித்ததன் காரணம் இதுவே.

போதாக்குறைக்கு, தொலைபேசி தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைத்துக் கொண்டிருந்தது. தாரஸ்தாயியில் அவர் எழும்பிய இடத்தை அமுக்கியும், மந்தரத்தில் இறங்கிய இடத்தை உயர்த்தியும், இரண்டையும் ஒரே மட்டமாக்கிவிட்டது. பாட்டு நின்ற இடைவெளிகளில் மின்விசிறியின் இரைச்சல் பொங்கி எழுந்ததும் அதனாலேயே.

இரண்டாம் பதிவை உட்புறப் படுக்கையறையில் செய்தோம். உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, மெத்தையைச் சுவரில் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரவல் வாங்கிய ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றே பக்கமாக வைத்தோம். வியர்த்து ஒழுகிற்று. குரலும் வயலினும் மிருதங்கமும் வெவ்வேறாகப் பதிந்து, கணினியில் ஒன்றுசேர்க்கப்பட்டன. முதற் பதிவில் தொடக்கத்து ஆவர்த்தனம் 8 விநாடியாகவும் முடிவில் 6½ விநாடியாகவும் ஓடியிருந்ததை ஒருவர் மணிக்கூடு வைத்துக் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். அதற்குப் பரிகாரமாகப் பாடுபவரின் காதிலே கணினியின் 'டிக் டிக்' என்னும் தட்டலைக் கொடுத்தோம்.

தாளம் நூல் பிடித்தாற்போல் நின்றது. பாட்டு செத்துப்போயிற்று. மூத்த மிருதங்க வித்துவான் ஒருவர் கேட்டுவிட்டு, "காலப்பிரமாணம் சரி, ஆனால் பாடுகிறவர் ஒருவரையும் பார்த்துப் பாடவில்லையே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

இந்தப் பதிவிலேதான் எமக்குள் மனத்தாங்கலும் வந்தது. தொப்பியின் ஓசை கேட்கவே இல்லை என்று மிருதங்கம் வாசித்தவர் முறையிட்டார். தொலைபேசியில் போட்டுப் பார்த்தோம், உண்மைதான், கேட்கவில்லை. கூட்டினோம், மேலும் கூட்டினோம். அதே பதிவைச் சங்க மண்டபத்து ஒலிபெருக்கியில் போட்டபோது கும் கும் என்று குரலையே மூழ்கடித்தது. தொலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் தொப்பியின் தாழ்ந்த நாதத்தை எழுப்பவே இயலாது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. வாசித்தவர் பேராசைப்படவுமில்லை, பாடியவர் பொறாமைப்படவுமில்லை. ஆனால் உண்மை தெரியவருமுன் இருவரும் சில சொற்களைச் சொல்லிவிட்டனர். இப்பொழுது எந்தப் பதிவையும் தொலைபேசியிலும், காதுக்கருவியிலும், பெரிய ஒலிபெருக்கியிலும், ஒரு நண்பரின் மோட்டார் வண்டியிலும் கேட்ட பின்னரே அளவு குறிக்கிறோம்.

அதனினும் பெரிய சிக்கல் இராகத்தில் எழுந்தது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுநிரை இறங்குநிரைச் சுரங்கள் ஒன்றே என்பதை இசை பயின்றவர் அறிவர். வேறுபாடு நடையிலும் பிடிகளிலுமே உள்ளது. ஆரபியில் காந்தாரத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட வேண்டும். மத்திம காலத்தில் ஓடுவது அதன் இயல்பு. தேவகாந்தாரியோ காந்தாரத்தில் தங்கி, அசைந்து, ஆறுதலாகச் செல்லும். பதிவைக் கேட்ட வயலின் ஆசிரியை ஒருவர், அனுபல்லவியிலும் சரணத்திலும் இரண்டு இடங்களைக் குறித்து, "இங்கே தேவகாந்தாரி வந்துவிட்டது" என்று எழுதினார். எமது பாடகர் முகம் கறுத்தது. "என் குருநாதர் இப்படித்தான் பாடுவார்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. இரண்டு வாரம் எமது பக்கம் வரவுமில்லை.

இவ்விடத்தில் கந்தபுராண அரங்கேற்றக் கதை எமக்கு நினைவு வந்தது. கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த எம்மவர்க்கு அக்கதையைச் சொல்லத் தேவையில்லை. காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியர் நூலை அரங்கேற்றத் தொடங்கியபோது, முதற் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சிக்கே இலக்கண விதி எங்கே என்று சபையில் தடை எழுந்தது. வீரசோழியத்தில் விதி உண்டென்று சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் காட்டிய பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது. வந்தவர் முருகப்பெருமானே என்பது ஐதிகம். முருகனே அடியெடுத்துக் கொடுத்த பாட்டு என்று சொல்லியும் சபை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். விதி காட்டப்பட்டபின் தடை சொன்னவரும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

ஆகவே வயலின் ஆசிரியையையும் பாடகரையும் ஒரே வீட்டுக்கு அழைத்தோம். அவரை அழைத்துவர எம்மில் இருவர் நேரே போக வேண்டியிருந்தது. அம்மையார் வாயால் விவாதிக்கவில்லை. வயலினை எடுத்து அனுபல்லவிப் பிடியை இரண்டு வகையாகவும் வாசித்துக் காட்டினார். கேட்ட மாத்திரத்திலேயே எமது பாடகர் தலையசைத்தார். சரணத்து இடத்தை அவர் பாடிக் காட்டினார். அங்கே காந்தாரம் நீண்டது போலத் தோன்றியதற்குக் காரணம், முன் சொன்ன அறையெதிரொலியின் மிச்சமும், வயலின் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதுமே. "அது என் பிழையான கேள்வி, அதை மாற்ற வேண்டாம்" என்று அம்மையார் உடனே சொன்னார். ஒன்று மாறிற்று, ஒன்று நின்றது. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

பாடுகிறவர்களின் மனவருத்தத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் பேசும்போதும் பாடும்போதும் எமது குரல் காற்றின் வழியாக மாத்திரமன்றி, மண்டையெலும்பின் வழியாகவும் எமது செவிக்கு வருகிறது. எலும்பு வழிவரும் ஒலி தாழ்ந்த நாதத்தை மிகுவித்துத் தரும். பதிவில் அது இல்லை. ஆதலின் பதிவில் கேட்கும் குரல் மெலிந்து, பிறர் குரல்போலத் தோன்றுகிறது. உலகம் நெடுகக் கேட்டுவந்த குரல் அதுவே என்பதை ஏற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும். அந்த நாட்களிலே சொல்லப்படும் குறை இருமடங்கு சுடும். இதை முன்னமே அறிந்திருந்தால் முதற் பதிவைப் பாடகருக்குக் கொடுத்த அன்றே குறைகளின் பட்டியலையும் கொடுத்திருக்க மாட்டோம்.

சொல்லப்பட்ட எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம் என்று எண்ண வேண்டாம். 'கீபோட்டும் மேளத் தட்டலும் சேர்த்தால்தான் இக்காலத்து இளைஞர் கேட்பர்' என்றார் ஒருவர். நாமும் இக்காலத்து இளைஞரே என்று பணிவோடு விடை எழுதினோம். இருவர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இடத்தைச் சுட்டினால் அதை மறுபேச்சின்றித் திருத்தினோம். தனியொருவர் சொன்னதாயின் காரணம் கேட்டோம். இறுதி முடிவு எழுதியவருக்கும் பாடியவருக்கும் உரியது என்று வைத்துக்கொண்டோம். அப்படியொரு வரம்பு இல்லாவிடின், ஐம்பதுபேர் கைபட்ட மண்குடம்போலப் பாட்டு உருக்குலைந்திருக்கும்.

மூன்றாம் பதிவு விடியற்காலை 5 மணிக்கு, பாண் வண்டிக்கு முன்னரே தொடங்கிற்று. 'டிக் டிக்' தட்டலை நீக்கினோம். பாடகரும் மிருதங்கக்காரரும் முகம்பார்த்து இருந்தனர். எம்மில் ஒருவர் தொடைமீது ஓசையின்றித் தாளம் போட்டார். மிருதங்கத்தின் ஓசை பாடகரின் ஒலிவாங்கியிலும் சிறிது ஏறிவிட்டது. ஒலிப்பதிவு அன்பர் அதைக் குறை என்றார். குறைதான். ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் கேட்டு வாசித்ததை இழக்க மனமின்றி விட்டுவிட்டோம். அனுபல்லவி முடிவில் புகையிரதம் ஒன்று மிகத் தொலைவில் கேட்கிறது; உன்னிப்பாகக் கேட்பவர்க்கே அது புலப்படும்.

ஆச்சி அதைக் கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

பாட்டு 5 நிமிடமும் சில விநாடிகளும். இப்பொழுது செயலாளர் அதனை ஒலிபெருக்கியில் போடுவார். வாயிலருகே மேசையில் கடதாசியும் பென்சிலும் வைத்திருக்கிறோம். தைப்பூசத்துக்கு இரண்டாவது பாட்டு ஒன்று பதிய எண்ணியிருக்கிறோம். ஆகவே பெயர் எழுதாவிட்டாலும், எந்த இடம் என்பதையும் ஏன் என்பதையும் தயவுசெய்து எழுதிவிட்டுச் செல்லுங்கள்.