பட்டறைக்கு வெளியே சில நாட்கள்

(ஸ்ரீவைகுண்டத்தில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை பிரேரேபிக்கப்பட்டு, முடிவு காணாமல் நின்றது உங்களுக்கு ஞாபகமிருக்கும். சாரற் பருவத்தில் நம் அங்கத்தினர் குடும்பங்கள் சில சேர்ந்து குற்றாலம் சென்று நான்கு நாள் தங்கிவரச் சங்கச் சேமிப்பிலிருந்து பாதிச் செலவு கொடுக்கலாம் என்பதே அது. அப்போது முதியவர் ஒருவர் எழுந்து, "வேலையே இல்லாதவனுக்கு ஓய்வு எதற்கு?" என்று கேட்டார். சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. அக்கேள்விக்கு விடை கூறாமல் யோசனையை நிறைவேற்றுவது முறையன்று எனக் கருதியே இன்று பேச ஒப்புக்கொண்டோம்.

பெரியவர் சொல்லில் உண்மை உண்டு. 1963-ஆம் ஆண்டு ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாது என்ற தடை ஏற்பட்டபோது எத்தனையோ பட்டறைகளில் உலை அணைந்தது. உயிரையே மாய்த்துக்கொண்ட பொற்கொல்லர்களும் உண்டு. கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீங்கியது. ஆயினும் அதன்பின் வந்த இயந்திர வார்ப்பும், கணினியில் வரைந்த மாதிரியும், பெருங்கடைகளின் ஆயத்த நகையும் நம்மவர் கையை மீண்டும் கட்டிப்போட்டன. இன்று பட்டறைக்கு வருபவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதேபோல் வேண்டும்" என்கிறார். நாமும் அதேபோல் செய்து கொடுக்கிறோம். அதே நகையை இயந்திரம் நம்மினும் விரைவாகவும் குறைந்த கூலிக்கும் செய்துவிடுகிறது. பின்னர் நம்மை நாடி வர அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

மாங்காய் மாலை, மல்லிகை மொட்டு, பாம்படம் என்னும் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எவனோ ஒரு தொழிலாளி குறட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய், மாந்தோப்பையும் பூங்கொடியையும் கண்ணாரப் பார்த்ததால் அல்லவா அவை நமக்குக் கிடைத்தன? பிறர் படத்தைப் பார்த்துச் செய்வதற்குக் கை போதும். புதிதாக ஒன்றைச் செய்யக் கண் வேண்டும். உமியோட்டுக் கனலுக்கு முன் குனிந்தபடியே ஆண்டு முழுவதும் ஓர் அடி தூரத்தையே நோக்கும் கண்ணுக்கு என்ன தோன்றும்? ஊதுகுழலில் ஊதி ஊதி மூச்சும் நலிகிறது. பற்றவைப்பில் காட்மியம் கலந்தவர்களின் நுரையீரல் அதன் புகையால் கெடும் என்பதை வைத்தியர்கள் ஐயமறக் கூறியுள்ளனர். பொடி வைத்து ஊதுவதை ஊரார் கேலிமொழி ஆக்கிவிட்டார்கள். அந்தப் புகையைக் குடித்தவன் பாட்டை யார் பேசுகிறார்கள்!

நம் முன்னோர் ஓய்வை அறியாதவர் அல்லர். அமாவாசையன்று கருவியைத் தொடலாகாது என்று விதித்தவர்கள் அவர்களே. அவ்வழக்கம் இன்றும் பெயரளவில் உண்டு. ஆனால் நடப்பது என்ன? அன்றுதான் கடைக்காரரிடம் பாக்கி கேட்டு அலைகிறோம். அன்றுதான் முடியாத வேலைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இராக்கல் பதிக்கிறோம். வீட்டுப் பெண்களுக்கோ படையலும் சமையலுமாக அமாவாசை மற்ற நாளினும் கடினமான நாள். ஆகவே ஊரிலிருந்துகொண்டே பெறும் ஓய்வு ஓய்வாவதில்லை என்பது நம் அனுபவம்.

அயல்நாடுகளில் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், மாரிக்காலத்தில் குடும்ப சகிதம் பனிமலைக்குப் போய்க் காலில் நீண்ட மரச்சட்டங்களைக் கட்டிச் சறுக்கி விளையாடும் படங்களை அனுப்புகிறார்கள். இது செல்வச் செருக்கு என்று இங்கே முணுமுணுப்பவர் உண்டு. அவர்களுக்காக ஒரு வரலாறு சொல்லுவோம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவோனைப் படைத்த ஆர்தர் கோனான் டாயிலை நீங்கள் அறிவீர்கள். அக்கதைகளை எழுதி எழுதி அவருக்கே அலுத்துவிட்டது. 1893-இல் மனைவியுடன் ஸ்விட்ஸர்லாந்து சென்றபோது ரைஷன்பாஹ் என்னும் பேரருவியைக் கண்டார். அவ்வாண்டு இறுதியில் வெளியான கதையில் ஹோம்ஸை அந்த அருவியிலேயே வீழ்த்தினார். அதே ஆண்டில் மனைவிக்குக் காசநோய் கண்டது. வைத்தியர்கள் சில மாதங்களே கெடு வைத்தனர். தொழிலைப் பெரிதென்று எண்ணாமல் அவளை அழைத்துக்கொண்டு தாவோஸ் என்னும் பனிமலை ஊரில் போய்த் தங்கினார் டாயில். அங்கே சும்மா இராமல் நார்வே நாட்டுச் சறுக்குக் கட்டைகளை வரவழைத்துப் பழகினார். எத்தனையோ முறை விழுந்தார். 1894 மார்ச்சு மாதம், பிராங்கர் என்ற உள்ளூர்ச் சகோதரர் இருவர் வழிகாட்ட, கணவாயைக் கடந்து அரோஸா என்னும் ஊரை அடைந்தார். வழியில் ஒரு செங்குத்தான சரிவில் கட்டைகள் கைநழுவிப் போய்விட, மனிதர் உட்கார்ந்தபடியே கீழே சறுக்கி, கால்சட்டையின் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டதை அவரே பத்திரிகையில் எழுதிச் சிரிக்கிறார். அவ்வாண்டு முடிவதற்குள் ஜெரார்டு என்னும் குதிரைப்படை வீரனை நாயகனாகக் கொண்ட புதிய கதை வரிசையைத் தொடங்கியிருந்தார். மனைவி 1906 வரை உயிரோடிருந்தார். பனிக்காற்றே அவரைக் காத்தது என்று சாதிக்க நாம் வரவில்லை. களைத்த கலைஞன் பழகிய மேஜையை விட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டான். போன இடத்தில் ஓர் அருவியும் ஒரு மலைச்சரிவும் அவனுக்குக் கிடைத்தன. நமக்கு வேண்டிய செய்தி அவ்வளவே.

நம்மூர்க் குமரகுருபர சுவாமிகளின் சரித்திரமும் அத்தகையதே அன்றோ? ஐந்து வயதுவரை பேசாதிருந்த குழந்தையைத் தாய் தந்தையர் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றனர் என்பதும், அலைவாய்க் கரையிலேதான் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பிறந்தது என்பதும் நாம் வழிவழியாகக் கேட்டுவருவது.

இனி, பனிமலைக்குப் போக நமக்கு வழியில்லை, வேண்டுவதும் இல்லை. ஆனியிலும் ஆடியிலும் நம்மூரில் வறண்ட காற்று மணலை வாரி இறைக்கும் நாட்களில், நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலே வேறொரு பருவம் நடக்கிறது. மேல்கடலிலிருந்து வரும் மேகம் செங்கோட்டைக் கணவாய் வழியாக மலைக்கு இப்பால் எட்டிப் பார்த்துச் சாரலாக உதிர்கிறது. அக்காலத்தில் குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் நிறைந்து விழும். அருவியின் கீழ் நிற்பவனுக்கு வேறொரு நினைவும் எழாது. இரைச்சல் அவ்வளவு; தண்ணீரின் அடி அவ்வளவு. ஆண்டு முழுவதும் குனிந்த முதுகுக்கு அதனினும் நல்ல கைவைத்தியம் நாம் கண்டதில்லை.

ஆனால் நாம் குற்றாலத்தைத் தேர்ந்ததற்கு அருவி மட்டும் காரணமன்று. கூத்தப்பிரான் ஆடும் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலமோ சித்திரம். இவ்வைந்தில் நம் குலத் தொழில் அடங்காத சபை எது? குற்றாலத்துச் சித்திர சபையில் இறைவன் ஓவியமாகவே இருக்கிறான். சுவரெங்கும் வண்ணச் சித்திரங்கள். அவற்றில் தெய்வங்களும் அரசியரும் பூண்டிருக்கும் ஆரங்களையும் ஒட்டியாணங்களையும் ஒரு பொற்கொல்லன் அரைநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்தர்கள் ஐந்து நிமிஷத்தில் கும்பிட்டுவிட்டு அருவிக்கு ஓடுகிறார்கள். அது அவர்கள் இஷ்டம்.

போகும் வழியும் வீணன்று. திருநெல்வேலிச் சாலையில் கிருஷ்ணாபுரத்து வேங்கடாசலபதி கோவில் இருக்கிறது. அங்குள்ள சிலைகளின் கழுத்தையும் காதையும் பாருங்கள். கல்லில் முத்து வடத்தைக் கோத்திருக்கிறான் நாயக்கர் காலத்துச் சிற்பி. தச்சு வேலை செய்வோர் திருநெல்வேலித் தாமிர சபையின் மர வேலைப்பாட்டைக் காணாது திரும்பலாகாது. தென்காசியில் பராக்கிரம பாண்டியன் கட்டிய விசுவநாதர் கோவில் மண்டபத்துச் சிலைகளும் அவ்வாறே.

முத்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததன்று. பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிக்க விடுவார்கள். 1928-இல் குளித்தபின் 1955 வரை குளிப்பே இல்லை. அதன்பின் 1961 வரை நடந்து நின்றுபோயிற்று. சும்மா கிடந்த ஆண்டுகளை அக்காலத்துப் பரதவர் எவரும் நஷ்டக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்.

பெரியவரின் கேள்விக்கு மீண்டும் வருவோம். வேலை இல்லாதவனுக்குத்தான் புதிய வேலை தோன்ற வேண்டியிருக்கிறது. பெருங்கடையின் கூலிக்குச் சங்கிலி கோப்பவன், தன் மாதிரி என்று சொல்லத்தக்க ஒரு பதக்கம் வரையக் கற்றால், அவனைத் தேடி வர ஒரு வீடாவது இருக்கும். நான்கு நாளில் அது வந்துவிடும் என்று நாம் உறுதி கூறவில்லை. வாராமலும் போகலாம். வாராவிடினும், சமையற்கட்டை விட்டுப் பல ஆண்டுகளாக வெளியே தங்காத தாய்மார்கள் நான்கு நாள் அருவியில் நீராடி வந்திருப்பார்கள். அச்செலவைச் சங்கம் ஏற்பதில் குற்றம் காண்பவர் எழுந்து சொல்லட்டும்.

நிபந்தனைகள் சிலவே. சமையலுக்கு ஆள் வைக்க வேண்டும். பெண்களிடம் அதைத் தள்ளிவிடக் கூடாது. மது அருந்துவோருக்கு இடமில்லை. பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். குறடும் சாமணமும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் சங்கம் தரும். சித்திர சபையிலே அமர்ந்து வரையலாம், வரையாமலும் இருக்கலாம். வரைந்தவற்றை ஆவணி மாதக் கூட்டத்தில் எல்லோருமாகப் பார்ப்போம்.

யோசனை இப்போது ஓட்டுக்கு விடப்படும். நிறைவேறினால் வைகாசி முடிவதற்குள் காரியதரிசியிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும். ஆட்சேபித்த பெரியவரின் பெயரை நாமே முதலில் எழுதிவைத்திருக்கிறோம். அவர் விரும்பினால் அடித்துவிடலாம்.