கடல் கடந்த செட்டிநாடும் கடக்காத பெண்களும்

(காரைக்குடிப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



அக்கரைச் சீமை வாழ்க்கையைப் பற்றி இன்று பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் வந்து இதைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனாலும் அக்கரையிலிருந்து பணம் எவ்வளவு வந்தது என்பதைத்தான் இதுவரை எல்லோரும் பேசியிருக்கிறார்களே யொழிய, சம்பாதித்தவனுடைய குடும்பம் எங்கேயிருந்தது என்பதை யாரும் அதிகமாய்க் கேட்கவில்லை. ஆகவே நாம் அதைக் கேட்கலாமென்றிருக்கிறோம்.

1852ல் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசிக்குச் சீமையில் கிராக்கி ஏற்படவே, ஐராவதி ஆற்று முகத்துவாரத்துக் காடெல்லாம் நெல்வயலாயிற்று. காடு திருத்துகிற குடியானவனுக்குக் கடன் கொடுக்க நகரத்தார் போனார்கள். 1930-ம் வருஷத்துப் பாங்கு விசாரணைக் கமிட்டியார் மதிப்புப்படி பர்மாவில் மாத்திரம் 1,650 செட்டியார் கடைகள். முதல் சுமார் 75 கோடி ரூபாய். கடைக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் எட்டாயிரம் ஆண்பிள்ளைகள். இலங்கை, மலாய், சிங்கப்பூர், சைகோன் வேறு.

இவர்கள் போன மாதிரியைப் பாருங்கள். ஏஜெண்டாகப் போகிறவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டு புறப்பட்டால், திரும்ப மூன்று வருஷம். மீசை முளைக்காத பெட்டியடிப் பையனும் கூடவே போவான். அங்கே இருப்பிடம் கிட்டங்கி. ஒரு நீண்ட கூடம், ஆளுக்கொரு பெட்டி, பகலில் அதுவே கடை, இராத்திரி அதன் பக்கத்திலேயே பாய். சமையலுக்கு ஓர் ஆள். பெண்ணென்று ஒருவர் அங்கே கிடையாது. இருபது வயதில் கலியாணம் செய்துகொண்டவர் ஐம்பது வயதிற்குள் ஆறு கணக்குப் பார்த்தாரானால், பதினெட்டு வருஷம் பெண்சாதியின் முகத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இதற்கு நாம் வைத்த பெயர் குடும்ப வாழ்க்கை!

சரி, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போவதற்கென்ன? கூலிக்குத் தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் போன ஏழைகள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். கோடி ரூபாய் புரட்டியவர்கள் போகவில்லை. ஸ்திரீகள் கப்பலேறக் கூடாது என்பது வழக்கமாம். கடல் தாண்டினால் சாதி போய்விடுமென்று சாஸ்திரம் சொல்லுகிறது. அந்தச் சாஸ்திரத்தை ஆண்பிள்ளை இலாபத்தைக் கண்டதும் தாண்டிவிட்டான். சாஸ்திரக்காரர்களும், கப்பலில் வந்த பணத்தில் திருப்பணி செய்த கோயில்களில் தட்சணை வாங்க மறுக்கவில்லை. தாண்டாமல் நின்றது பெண் ஒருத்திதான். செலவு, சீதோஷ்ணம், கிட்டங்கியில் இடமில்லை என்று வேறு காரணமும் சொல்லுவார்கள். ஆயிரம் சன்னல் வைத்து வீடு கட்டத் தெரிந்தவர்களுக்கு அங்கே இரண்டு அறை கட்டத் தெரியாதா?

அந்தப் பெண் இங்கே சும்மா இருந்தாளா என்றால் அதுவுமில்லை. கலியாணமான பிறகு ‘வேறு வைத்து’ விடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு ஒன்று, உலை வேறு வேறு. தன் வரவு செலவு, பிள்ளை வளர்ப்பு, பெண்ணுக்குச் சாமான் சேர்ப்பது எல்லாம் அவள் பாடு. பர்மாத் தேக்கு வந்து இறங்கினாலும் இத்தாலிச் சலவைக்கல் வந்து இறங்கினாலும் பக்கத்திலிருந்தவள் அவள். ஆனால் புருஷனுக்கு ஒரு கடுதாசி எழுத அவளில் பலருக்கு எழுத்துத் தெரியாது. இன்னொருவரைக் கொண்டு எழுதி, அங்கிருந்து வந்ததையும் இன்னொருவர் படிக்கக் கேட்க வேண்டும். மூன்றாம் மனிதன் எதிரில் ஒரு பெண் தன் புருஷனிடம் என்ன சொல்ல முடியும்? “இங்கு யாவரும் க்ஷேமம்” என்பதைத்தான் சொல்லலாம்.

இனி அக்கரைக்கு வருவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். மூன்று வருஷம் தனியே கிடந்த ஆண்பிள்ளைகளில் சிலர் பர்மியப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள், குழந்தைகளும் பிறந்தார்கள். ஆண் செய்தால் அது ‘அங்கே ஒரு தொடுப்பு’. இங்கே பெண் சன்னலில் நின்றால்கூட ஊர் பேசிற்று. ஒன்பது கோயிலில் எந்தக் கோயிலிலும் அந்தக் குழந்தைக்குப் புள்ளி கிடையாது. தாய் நகரத்தார் பெண்ணல்லவாம். அந்தக் குழந்தை செய்த குற்றமென்ன?

1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்கள் 13ல், சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்காயிருந்தது 1938ல் 25 பங்காயிற்று. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு நம்மீது அன்பு வருமா? 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியாயும் மலை வழியாயும் நடந்து வந்தார்கள். 1948ல் நிலச் சட்டம் வந்தது. 1962ல் பட்டாளத்தார் ஆட்சிக்கு வந்தபின் மிச்சமிருந்ததும் போயிற்று. நிலம் போனதற்கு இன்னமும் அழுகிறோம். அங்கே விட்டுவந்த தாயையும் பிள்ளையையும் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அப்புறம் பெண்களும் புறப்பட்டார்கள். மலாய்க்குப் போனார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள், இன்று அமெரிக்காவுக்கும் போகிறார்கள். எந்தக் கப்பலும் அதனால் முழுகிவிடவில்லை.

ஆனால் கதை முடிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். இதே சிவகங்கைச் சீமையிலிருந்து இன்று துபாய்க்கும் சவுதிக்கும் கொத்தனாரும் டிரைவரும் போகிறார்கள். குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேலே வாங்குகிறவனுக்குத்தான் அங்கே குடும்பத்தைக் கூட்டிவர அநுமதி. மற்றவனுக்கு ஓர் அறையில் அடுக்குக் கட்டில்; பழைய கிட்டங்கிதான். அன்று தடுத்தது வழக்கம். இன்று தடுப்பது சம்பளம். கடுதாசிக்குப் பதில் கைப்பேசி வந்திருக்கிறது, முகம் தெரிகிறது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ராத்திரி தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் இன்றும் அவள் ஒருத்தியே.

நாம் பேசியது கேட்டுத் தெரிந்தது, படித்துத் தெரிந்தது. புருஷன் கணக்கு முடிந்து வருவதற்காக நாளெண்ணிய ஆச்சிமார் ஒருவரோ இருவரோ இந்தக் கூட்டத்திலிருக்கலாம். மகனுக்கு விசா முடியக் காத்திருக்கிற தாயும், பெண்சாதியும் நிச்சயம் இருப்பார்கள். நாம் உட்கார்ந்துகொள்ளுகிறோம். அவர்களில் யாராவது மேடைக்கு வந்து பேசட்டும்.